குட்டி யானைப் படமும் என் வாயும்

ஞாயிற்றுக்கிழமை மாலை ஆறரைக்குக் கனடாவிலிருந்து அழைப்பு வரும். அங்கே அப்போதுதான் காலை. மனைவியும் எட்டு வயது மகளும் போய் இரண்டு வருடமாகிறது. என்னுடைய விசா இன்னும் வரவில்லை. எனக்கு இங்கே துறைமுகத்தில் வேலை, பாலையூற்றில் வாடகை வீடு. வீட்டில் நான்கு கதிரைகள், உட்கார ஒரு ஆள்.

மகளோடு கதைக்க எனக்கு விஷயம் தீர்ந்துபோயிருந்தது. "சாப்பிட்டாச்சோ?" "ஓம்." "பள்ளிக்கூடம்?" "நல்லம்." மூன்று நிமிடத்தில் அவள் கண் வேறெங்கோ போய்விடும். ஒருநாள் அழைக்காமலே விட்டுவிடுவாளோ என்று உள்ளூரப் பயந்துகொண்டிருந்தேன்.

வழி கண்டுபிடித்தவள் அவள்தான். ஒன்றாகப் படம் பார்ப்பது. தாயின் போனைத் தொலைக்காட்சிக்கு முன்னால் சாய்த்து வைப்பாள். எனக்குத் திரையில் பாதியும் அவளுடைய ஒரு காதும் தெரியும்.

அன்று போட்டது ஒரு குட்டி யானையின் கார்ட்டூன் படம். பெரிய செலவில்லாமல் எடுத்தது என்று பார்த்த உடனேயே தெரிந்தது. காடு முழுக்க ஒரே மரம். கெட்டவன் என்று யாருமில்லை. குட்டி வழிதவறுகிறது, தாயைத் தேடுகிறது, அவ்வளவுதான். ஆனாலும் எனக்குப் பிடித்திருந்தது. அவள் சிரித்த இடத்தில் நானும் சிரித்தேன். ஒரு மணி நேரம் எங்களுக்கு ஒன்றும் கதைக்கத் தேவையிருக்கவில்லை. அந்த ஒரு மணி நேரம் நான் தனியாக இல்லை.

பிறகு குட்டி விளைந்த வயல் ஒன்றுக்குள் இறங்கியது. வயல்காரர் வரம்பில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். எனக்குத் தம்பலகாமத்தில் வயல் இருக்கிறது. அறுவடை நேரத்தில் யானை இறங்கினால் என்ன மிஞ்சும் என்று தெரிந்தவன். வாய் சும்மா இருக்கவில்லை.

"வெடியைக் கொளுத்திப் போடுங்கோடா, பாத்துக்கொண்டு நிக்கிறாங்கள்."

காது திரும்பி முகமானது.

"அப்பா, அது குட்டி. அம்மாவைத் தேடுது." கொஞ்சம் பொறுத்து, "நீங்கள் உண்மையாவே ஆனைக்கு வெடி போடுறனீங்களோ?"

பொய் சொல்லியிருக்கலாம்.

"ஓம். வயலால கலைக்கத்தான், பிள்ளை."

அழைப்பு நின்றுவிட்டது. பிறகு மனைவி எழுதியிருந்தாள்: "அழுதுகொண்டிருக்கிறாள். ஏற்கெனவே ரெண்டு தரம் பாத்த படம். அப்பா இருக்கிற இடத்தில ஆனை இருக்கு எண்டு உங்களுக்காகத்தான் திரும்பப் போட்டவள்."

மிச்சப் படத்தைத் தேடி எடுத்துத் தனியாகப் பார்த்தேன். குட்டி தாயிடம் போய்ச் சேர்ந்தது. வெட்கமில்லாமல் அழுதேன். கிழமை முழுக்க என் வாயையே திட்டிக்கொண்டு திரிந்தேன்.

அடுத்த ஞாயிறு ஆறரை ஆனது, ஏழு ஆனது. ஏழேகாலுக்குத்தான் போன் அடித்தது.

"இண்டைக்கு மீன் படம் பாப்பம்," என்றாள் மகள். பிறகு கமராவுக்கு நன்றாகக் கிட்ட வந்து கேட்டாள்: "மீனுக்கு அங்க ஒருத்தரும் வெடி போடமாட்டினம்தானே, அப்பா?"

இந்தக் கடலில் டைனமைட் போட்டு மீன் பிடிப்பவர்களை எனக்குத் தெரியும். காலையில் வாங்கிய மீனும் அப்படிப் பிடித்ததோ என்னவோ, குசினியில் குழம்பாகக் கிடந்தது.

"இல்லை, பிள்ளை," என்றேன். "நீங்கள் படத்தைப் போடுங்கோ."