எலுமிச்சைச் சாற்றுக்குத் தப்பிய பவளம்

சேலையூரில் எங்கள் வீட்டுக் கூடத்தில் கடல்நீர் மீன்தொட்டி ஒன்று இருக்கிறது. தொட்டி என்னுடையது. அது அங்கே இருக்கக் கூடாது என்ற கருத்து என் கணவருடையது. மனிதர் கெட்டவர் இல்லை. போன முறை தொட்டிக்குள் ஐப்டேசியா பரவியபோது நான் பட்ட பாட்டைப் பார்த்தவர். ஐப்டேசியா என்பது குட்டி அனிமோன், பூப்போல விரியும் ஒரு கடல் உயிரி. வயலுக்குக் கோரை எப்படியோ தொட்டிக்கு அது அப்படி. பக்கத்திலிருக்கும் பவளங்களைக் கொட்டிக் கொட்டியே சாகடிக்கும். எல்லாம் செத்துத் தொட்டியைக் காலி செய்தபோது எனக்குச் சோறு இறங்கவில்லை. "இன்னொரு தடவை இது வந்துச்சுன்னா தொட்டியை மூடிடலாம்மா. உன்னை இப்படிப் பார்க்க முடியலை" என்றார். நானும் சரியென்று சொல்லித் தொலைத்தேன்.

அப்புறம்தான் அந்தக் கல் வந்தது. குரோம்பேட்டையில் வீட்டைக் காலி செய்துகொண்டு போன ஒருவர் தன் தொட்டியிலிருந்து கொடுத்தது. அதில் என்ன ஒட்டியிருக்கிறது என்று அவருக்கே தெரியாது. கொஞ்ச நாளில் கல்லின் ஓரத்தில் பழுப்பாக ஒரு கொத்து முளைத்தது. பழையபடி ஐப்டேசியாதான் வந்துவிட்டதோ என்று பயந்தேன்.

எங்களைப் போன்ற பைத்தியங்களுக்கு ஒரு வாட்ஸப் குழு உண்டு. எதை வளர்த்தாலும் நீல விளக்கில் படம் எடுத்துத்தான் போடுவோம். நீல விளக்கில் பாசிகூட நவரத்தினமாக மின்னும். எங்கள் பெருமையெல்லாம் அதில்தான் இருக்கிறது. நானும் வழக்கம்போல நீல விளக்கைப் போட்டு, அலை மோட்டார் முழு வேகத்தில் ஓட, ஒரு படம் எடுத்துப் போட்டேன். படத்தில் பச்சையாக ஒரு கலங்கல், அவ்வளவுதான். அதைப் பார்த்தே எல்லோரும் ஐப்டேசியாதான் என்று தீர்ப்பு எழுதிவிட்டார்கள். அனகாபுத்தூர்த் தம்பி ஒருவர் குரல் செய்தியே அனுப்பினார். "அக்கா, அது பேஜார் புடிச்ச கேஸுக்கா. வுட்டீங்கன்னா தொட்டி பூரா பரவிக்கினே போவும். எலுமிச்ச சாறை ஊசில ஏத்தி வாய்லயே குத்திடுங்க."

எங்கள் வட்டாரத்தில் பழகிய வைத்தியம்தான் அது. சனிக்கிழமை காலை எலுமிச்சம்பழத்தைப் பிழிந்து, வடிகட்டி, ஊசியில் ஏற்றினேன். கணவர் காய்கறி வாங்கப் போயிருந்தார். அவர் வருவதற்குள் முடித்துவிட வேண்டும். கண்ணில் பட்டால் தொட்டி போய்விடும். கையைத் தண்ணீருக்குள் விடப் போன நேரத்தில் கரண்ட் போய்விட்டது.

எனக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமில்லை. பேட்டரியில் ஓடும் காற்றுக்குழாயைத் தேடி எடுத்துத் தொட்டியின் ஒரு கோடியில் போட்டேன். திரும்பி வந்து பார்த்தால், தண்ணீர் அசையாமல் நின்றது. நீல விளக்கு இல்லை. ஜன்னல் வெளிச்சம் நேராகக் கல்மேல் விழுந்தது. இத்தனை நாளும் மோட்டார் அடித்த அடியில் பேயாடிக்கொண்டிருந்த கொத்து, இப்போது விரிந்து நின்றது. பழுப்பும் இல்லை, பச்சையும் இல்லை, வெளிறிய நீலம். ஒவ்வொரு தண்டின் நுனியிலும் விரல்கள். ஒவ்வொரு விரலின் இரண்டு ஓரத்திலும் இறகு மாதிரிப் பிசிறு. ஐப்டேசியாவின் விரல் மொழுக்கென்று இருக்கும்.

எண்ணினேன். எட்டு. பக்கத்துத் தண்டிலும் எட்டு. கல்லூரியில் விலங்கியல் படித்தபோது தேர்வுக்காக உருப்போட்டது அப்போதுதான் தலைக்குள் வந்தது. எட்டு விரலும் இறகு ஓரமும் இருந்தால் அது மென்பவளம். அனிமோனின் விரல்கள் எட்டோடு நிற்காது.

அந்த வெளிச்சத்திலேயே படம் எடுத்துக் குழுவில் போட்டேன். பிறகு அதே தம்பி பேசினார். "சாரிக்கா. இது க்ளோவ் பாலிப்புன்ற பவளம்க்கா, அதுலயும் நீலம். நான் படத்துலதான் பாத்துகீறேன். நம்ம ஆளுங்க யாராண்டயும் கெடையாது. அத்த ஒண்ணும் பண்ணிடாதீங்க."

ஊசியைச் சமையலறையில் காலி செய்துவிட்டு வந்து தரையில் உட்கார்ந்தேன். அப்பாடா என்று இருந்தது, அந்த நிம்மதியிலேயே அழுகையும் வந்துவிட்டது.

பையோடு வந்த கணவர் வாசலிலேயே நின்றுவிட்டார். தொட்டிக்கு முன்னால் நான் அழுதால் அவருக்குத் தெரிந்த காரணம் ஒன்றுதான்.

"என்னம்மா, எது செத்துச்சு?"

"எதுவும் சாகலைங்க."

ஊசி உட்பட எல்லாவற்றையும் சொன்னேன். அவர் குனிந்து அந்தக் கொத்தையே வெகுநேரம் பார்த்தார். திட்டுவார் என்று காத்திருந்தேன்.

"கரண்ட் இல்லாம இது எவ்வளவு நேரம் தாங்கும்?" என்று கேட்டார். நான் பதில் சொல்வதற்குள் எலக்ட்ரீஷியனுக்குப் போன் போட்டு, தொட்டி மோட்டாரையும் இன்வெர்ட்டரில் சேர்க்க இன்றைக்கே வர முடியுமா என்று விசாரிக்க ஆரம்பித்துவிட்டார்.