டேப்பக்காவும் ஐந்தாம் ராஜாவின் அங்கியும்

டேப்பக்காவுக்குச் சொந்தப் பெயர் ஒன்று உண்டு. அது வாக்காளர் பட்டியலோடு சரி. கழுத்தில் மஞ்சள் அளவு டேப் தொங்காமல் அவளை யாரும் பார்த்ததில்லை. இருபத்திரண்டு வருடமாக வீட்டு முன்னறையில் தையல் மெஷின் ஓடுகிறது. பள்ளிச் சீருடை, நர்ஸ் கோட்டு, திரைச்சீலை என்று எது வந்தாலும் தைப்பாள். ஆளைப் பார்த்த மாத்திரத்தில் இடுப்பளவைச் சொல்லிவிடுவாள் என்பதால், அவள் வாசலைக் கடக்கும்போது பாதித் தெரு மூச்சை உள்ளே இழுத்துக்கொண்டுதான் நடக்கும்.

அவளைத் தேடி அருங்காட்சியகத்திலிருந்து ஆள் வந்தது. அந்த வட்டாரத்தை ஒரு காலத்தில் ஆண்ட அரச வம்சத்தைப் பற்றிப் பெரிய கண்காட்சி வைக்கிறார்களாம். ஏழு ராஜாக்களுக்கு ஏழு பொம்மைகள், ஏழுக்கும் உடை. அவள் யோசிக்கவே இல்லை. "அனுப்புங்க" என்று சொல்லிவிட்டாள்.

மறுநாளே ராஜாக்கள் வேனில் வந்து இறங்கினார்கள், பிறந்த மேனியாக. மாமியார் அலறியடித்துக்கொண்டு ஏழு துண்டுகளோடு ஓடி வந்தாள். பஸ் ஓட்டிவிட்டு அலுத்துச் சலித்து வீட்டுக்குள் நுழைந்த கணவர், யாரோ விருந்தாளி என்று நினைத்து மூன்றாம் ராஜாவிடம், "வாங்க, உட்காருங்க, ஏன் நிக்கிறீங்க?" என்றார். டேப்பக்கா சிரித்த சிரிப்பில் ஊசி எங்கே விழுந்தது என்று கால் மணி நேரம் தேட வேண்டியதாயிற்று.

ஆறு பேருக்குப் பழைய ஓவியங்களைப் பார்த்துத் தைத்துவிட்டாள். ஐந்தாமவருக்கு மட்டும் அசல் அங்கியே இருந்தது. எதிரிப் படையைத் துரத்திய போரில் அவர் குதிரைமேல் போட்டிருந்த சிவப்பு வெல்வெட் அங்கி அது. அதைப் பார்த்து அச்சாக அதேபோல ஒன்று தைக்க வேண்டும். கண்காட்சிக்குப் பொறுப்பான காப்பாட்சியர், வெள்ளைக் கையுறை கொடுத்து அவளைப் பின்னறைக்கு அழைத்துப் போனார். வம்ச வரலாற்றில் முனைவர் பட்டம் வாங்கிய மனிதர். அங்கியைக் கைக்குழந்தை மாதிரி மேசையில் கிடத்தினார்.

டேப்பக்கா தோளை அளந்தாள். மார்பை அளந்தாள். மறுபடியும் மார்பை அளந்தாள். உள்பக்கத்தைத் திருப்பிப் பார்த்தவள் களுக்கென்று சிரித்துவிட்டாள்.

"என்னம்மா?" காப்பாட்சியரின் முகம் சுருங்கிவிட்டது.

"சார், கோச்சுக்காதீங்க. இது ஆம்பளைச் சட்டை இல்ல."

"போர்ல ராஜா போட்ட அங்கிம்மா இது!"

"யாரு வேணா போட்டிருக்கட்டும் சார். இதோ பாருங்க, நெஞ்சுக்குக் கீழ ரெண்டு பக்கமும் டாட் பிடிச்சிருக்கு. பொம்பளைக்கு மார்பு எடுப்பா உட்காரணும்னுதான் இந்த மடிப்பே. தோள் பதிமூணரை இஞ்சுதான். இன்னொண்ணு சொல்லட்டுமா? சொன்னா விழுந்துடுவீங்க."

"சொல்லுங்க."

"இடுப்புத் தையலை மூணு தடவை பிரிச்சு அகலப்படுத்தியிருக்காங்க. அப்புறம் திரும்ப உள்ள பிடிச்சிருக்காங்க. பழைய ஊசி ஓட்டை வரிசை வரிசையாத் தெரியுது பாருங்க. ஆம்பளைக்குத் தொப்பை வந்தா வந்ததுதான் சார், எங்க வீட்லயே ஒண்ணு இருக்கு. இப்படிக் கொஞ்சம் கொஞ்சமா ஏறி, ஒரேயடியா இறங்கிச்சுன்னா..."

காப்பாட்சியர் நாற்காலியைத் தட்டிவிட்டுக்கொண்டு அலமாரிக்கு ஓடினார். அரண்மனைக் குறிப்பேட்டின் நகலை எடுத்துப் பக்கம் பக்கமாகப் புரட்டினார். போர் நடந்த மாதம் ராஜா விஷக்காய்ச்சலில் படுத்த படுக்கை. அதற்கு மூன்று மாதம் கழித்து இளவரசர் பிறப்பு. இரண்டு வரியையும் அவர் நூறு தடவை படித்திருப்பார். பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்ததில்லை.

"ராணியா?" என்றார் கிசுகிசுப்பாக. பிறகு கூரை அதிர, "ராணிம்மா! ஆறு மாச வயித்தோட ராணி!" என்று கத்தினார். இரண்டு பேரும் மேசையைச் சுற்றி ஒரு வட்டம் குதித்துவிட்டுத்தான், கையுறையோடு குதிக்கிறோம் என்பதைக் கவனித்து வெட்கப்பட்டார்கள்.

திறப்பு விழாவுக்கு மூன்று நாள்தான் இருந்தது. துணிக்கடை ஒன்றிலிருந்து பெண் பொம்மை இரவல் வந்தது. அதன் வயிற்றில் டேப்பக்கா பஞ்சு வைத்துக் கட்ட, நாலு பிள்ளை பெற்ற மாமியார் மேற்பார்வை பார்த்தாள். "இது அஞ்சு மாசம்டி. இன்னும் கொஞ்சம் வை. ஐயையோ, போதும் போதும், இது ரெட்டைப் பிள்ளை!"

"மீசை வச்ச அஞ்சாம் ராஜா பொம்மையை என்ன சார் பண்றது?" என்று டேப்பக்கா போனில் கேட்டாள்.

"கட்டில்ல படுக்க வச்சிடலாம்மா. காய்ச்சல்தானே!"

அப்படியே வைத்தார்கள். கூடத்தின் நடுவே மரக்குதிரைமேல் சிவப்பு அங்கியும் தள்ளிய வயிறுமாக ராணி. ஓரத்தில் போர்வைக்குள் ராஜா. முதல் நாளே கூட்டம் அலைமோதியது. பெண்கள் ராணியைச் சுற்றி நின்று வாய்விட்டுச் சிரித்தார்கள். ஒருத்தி தன் கணவரைக் கூப்பிட்டு, "நல்லா பாருங்க. நீங்க தும்மினாலே லீவு போடுறீங்க!" என்றாள். டேப்பக்காவின் கணவரோ விளக்கப் பலகையைச் சத்தம் போட்டு ஏழாவது தடவையாக வாசித்துக்கொண்டிருந்தார். "தையல் நுட்பத்தால் உண்மையைக் கண்டறிந்தவர்" என்ற வரி வரும்போதெல்லாம் திரும்பி அவளைக் கை காட்டினார். அவளுக்கு வெட்கமும் சிரிப்பும் சேர்ந்து விக்கலே வந்துவிட்டது.

அவள் விக்கிக்கொண்டிருக்கும்போதே காப்பாட்சியர் வந்து பிடித்தார். கையில் சாவிக்கொத்து.

"அம்மா, கிடங்குல இந்த வம்சத்துத் துணி இன்னும் ரெண்டு பெட்டி இருக்கு. இதுவரைக்கும் யாரும் அளந்தே பார்த்ததில்ல. நாளைக்கு வர முடியுமா?"

"நாளைக்கா?" என்றாள் டேப்பக்கா. அவர் பதில் சொல்வதற்குள் சாவியை வாங்கிக்கொண்டு, கூட்டத்தைப் பிளந்து, கிடங்கு எந்தப் பக்கம் என்றுகூடக் கேட்காமல் விடுவிடுவென்று நடந்தாள்.

"அந்தப் பக்கம் இல்லம்மா, இந்தப் பக்கம்!" என்று கத்தியபடி பின்னால் ஓடினார் காப்பாட்சியர்.