கதவுப் பக்கம், மூட்டைப் பக்கம்

போன சனிக்கிழமை கோயம்புத்தூரில் ஒரு ஸ்நூக்கர் கிளப்பில், முன்பின் தெரியாத ஒருவரிடம் என் கியூவை நீட்டி, "பாத்துக்கங்க" என்று சொல்லிவிட்டேன். கியூ என்றால் பந்தை அடிக்கிற அந்த நீளக் குச்சி. அவர் கழுத்தில் ஆபீஸ் அடையாள அட்டையைக்கூடக் கழற்றாமல் பக்கத்து டேபிளில் ஆடிக்கொண்டிருந்தவர். குச்சியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், "ப்ரோ, ஆர் யூ ஓகே?" என்றார்.

தப்பு என்மேல் இல்லை, நண்பா. கீழே ரோட்டில் எவனோ ஹாரன் அடித்தான். இரண்டு குட்டை, ஒரு நெட்டை. அந்த ஹாரன் கேட்டால் என் கை தானாக நீளும். ஏன் என்று சொல்கிறேன். இருபத்தாறு வயசுக்காரனுக்கு என்னடா பழைய நினைப்பு என்று சிரிப்பாய். சிரித்துக்கொள். எங்கள் ஊர் போடியில் ஐந்தாறு வருஷத்துக்குள் ஒரு யுகமே காணாமல் போகும்.

கியூவின் நுனியில் தேய்க்க நீலமாக ஒரு கட்டி தருவார்கள், பார்த்திருப்பாய். கோயம்புத்தூர் நீலக்கட்டிக்கு வாசனையே கிடையாது. எங்கள் ஊரில் அது ஏலக்காய் மணக்கும். ஏனென்றால் எங்கள் கிளப்பே ஏலக்காய் குடோனின் பின்பாதிதான். மலைமேல் ஏதோ ஒரு எஸ்டேட் பங்களாவை ஒழித்தபோது, அங்கிருந்த டேபிளை ரபீக்கின் அத்தா எடுத்து வந்தார். ரபீக் என்னோடு பள்ளியில் படித்தவன். அத்தாவுக்கு ஏலக்காய் வியாபாரம். டேபிளின் அடியில் இருக்கும் கல் பலகைகள் ஒவ்வொன்றும் ஒரு கன்றுக்குட்டி கனம். அவற்றை ஜீப்பில் வளைவு வளைவாக இறக்கி வந்தது டிரைவர் கதிரேசன். "பச்சப்புள்ளையக் கொண்டாந்த மாதிரி கொண்டாந்தேன்டா" என்பான். ஒரு பலகையின் மூலை உடைந்திருந்தது. அதைப் பற்றிக் கேட்டால் மட்டும் பேச்சை மாற்றிவிடுவான்.

குடோனின் முன்பாதியில் பெண்கள் உட்கார்ந்து காயைத் தரம் பிரிப்பார்கள். பின்பாதியில் நாங்கள். சீசன் வந்துவிட்டால் மூட்டைகள் ஏறிக்கொண்டே வந்து டேபிளின் இடுப்பை இடிக்கும். அந்தப் பக்கம் நின்று குச்சியைப் பின்னால் இழுக்க முடியாது, மூட்டையில் குத்தும். அதற்கென்றே ரபீக் ஒரு பழைய குச்சியைப் பாதியாக அறுத்து வைத்திருந்தான். உலகத்தில் எந்தச் சாம்பியனுக்கும் இந்தக் கஷ்டம் தெரியாது.

அந்தக் கிளப்பில் ஆடுகிறவர்களில் முக்கால்வாசிப் பேர் ஜீப் டிரைவர்கள். ஸ்டாண்டு எதிரிலேயே இருந்தது. மலைமேல் ஏறும் குரங்கணி லைன் ஜீப்பெல்லாம் வரிசையில் நிற்கும். முதல் ஜீப் நிரம்பினால் கிளம்பும், அடுத்தது முன்னால் வரும். எப்போது நிரம்பும் என்று யாருக்கும் தெரியாது. ஒரு மணி நேரமும் ஆகலாம், கல்யாண வீட்டுக் கூட்டம் வந்தால் ஒரே நிமிஷத்திலும் நிரம்பலாம். நிரம்பியதும் ஸ்டாண்டில் இருக்கிறவன் அந்த வண்டியின் ஹாரனை அடிப்பான். ஒவ்வொரு வண்டிக்கும் ஒரு தாளம். கதிரேசன் வண்டிக்கு இரண்டு குட்டை, ஒரு நெட்டை.

ஹாரன் கேட்டதும், பந்து குழியின் வாயிலேயே நின்றாலும் சரி, கியூவைப் பக்கத்தில் நிற்பவன் கையில் திணித்து, "பாத்துக்க மாப்ளே" என்று சொல்லிவிட்டு ஓடிவிடுவான். வாங்கினவன் விட்ட இடத்திலிருந்து ஆடுவான். அவன் ஹாரன் வந்தால் அவனும் திணித்துவிட்டு ஓடுவான். காலையில் அடுக்கிய ஒரு ஆட்டம் மத்தியானம் வரை ஏழெட்டுக் கை மாறும். அதனால் எங்கள் ஸ்கோர் போர்டில் ஆள் பேரே கிடையாது. கதவுப் பக்கம், மூட்டைப் பக்கம். அவ்வளவுதான். ஆட்டத்தை ஆரம்பித்து வைத்தவன் மலைக்குப் போய்விட்டுத் திரும்பி வந்து, "யாருடா ஜெயிச்சது?" என்பான். "கதவு." "அப்ப நாந்தேன்" என்று சட்டைக் காலரைத் தூக்குவான்.

நான் மதுரையில் காலேஜ் படித்த மூன்று வருஷமும் ஞாயிற்றுக்கிழமைகளில் அங்கே ஸ்நூக்கர் கோச்சிங் போனேன். கடைசி வருஷ லீவில் ஊருக்கு வரும்போது கோச் ஒரு தாள் கொடுத்தார். தினமும் இருபது நிமிஷம் வெறும் வெள்ளைப் பந்தை நேராக அடித்து, அது டேபிளின் எதிர்விளிம்பில் பட்டுத் திரும்பி என் குச்சி நுனிக்கே வர வேண்டும். அப்புறம் அரை மணி, சிவப்புப் பந்துகளை நடுக்கோட்டில் வரிசையாக வைத்து ஒவ்வொன்றாக உள்ளே தள்ள வேண்டும். இப்படி ஐந்தாறு பயிற்சி. கடைசி வரியில், வாரம் மூன்று மேட்ச். அதன் அடியில் மட்டும் பேனாவால் இரண்டு கோடு போட்டிருந்தார்.

அந்தத் தாளை நான் குடோன் சுவரில் ஒட்டிய கெத்து இருக்கிறதே! டிராக் பேண்ட் வேறு. முன்னால் காய் பிரிக்கும் செல்வி அக்கா முறத்தை மடியில் வைத்துக்கொண்டு எட்டிப் பார்த்தது.

"என்னடா அது, வரிசையா அடுக்குற? காயப் போடுறியா?"

"பயிற்சிக்கா."

"எதுத்தாப்ல ஆளக் காணோம்?"

"ஆளே வேணாம்க்கா இதுக்கு."

"அப்ப தோக்கவே மாட்ட. நல்ல சோலிதேன்."

குடோன் முழுக்கச் சிரிப்பு. கதிரேசனும் விடவில்லை. அவன் கையில் கியூ கோணலாகத்தான் நிற்கும். முழங்கை சிறகு மாதிரி விரியும். ஆனால் பந்து போகும். "உன் ஸ்டைலு ரொம்பத் தப்புண்ணே" என்றேன் ஒருநாள். "பந்து உள்ள போயிருச்சா?" "போயிருச்சு." "அப்ப பந்துகிட்ட சொல்லு" என்றான்.

அந்த லீவில்தான் மதுரையில் ஒரு போட்டி அறிவித்தார்கள். கிளப்புக்கு ஒரு ஆள். முதல் சுற்றில் ஜெயிக்கிறவர்களுக்குப் பத்து நாள் பயிற்சி முகாம்; அங்கிருந்துதான் பெரிய ஆட்டங்களுக்கு ஆள் எடுப்பார்கள். எனக்குத் தூக்கம் போயிற்று. காலேஜ் முடிந்தால் கோயம்புத்தூரில் மாமா பார்த்து வைத்திருக்கும் வேலைதான். அதற்குள் அந்த ஒரு மேட்ச் ஜெயித்துவிட்டால், வீட்டில் ஒரு வருஷம் கேட்கலாம். அப்பாவும், "ஜெயிச்சுட்டு வந்து பேசு" என்றுதான் சொல்லியிருந்தார். அது பாதிச் சம்மதம் என்று நானாக எடுத்துக்கொண்டேன்.

உண்மையைச் சொன்னால் கிளப்பில் என்னைவிடப் பெரிய கை கதிரேசன்தான். ரபீக் அவனைத்தான் கேட்டான். "அன்னைக்கு மேல திருவிழாடா. வண்டிய நிப்பாட்டுனா ஸ்டாண்டுல உரிச்சுருவாய்ங்க. இவனை அனுப்பு. டவுசர்லாம் வச்சிருக்கான்" என்று என்னைக் காட்டிவிட்டான்.

போட்டிக்கு ஒரு வாரம் இருக்கும்போது கோச் போன் செய்தார். பயிற்சியெல்லாம் ஆகிறதா என்றார். தாளில் ஒரு கட்டம் விடாமல் டிக் போட்டிருக்கிறேன் என்றேன்.

"மேட்ச்?"

"வாரம் மூணு என்ன சார், தினமும் ஆடுறேன்."

"கடைசியா எப்ப ஒரு ஃப்ரேமை நீயே ஆரம்பிச்சு நீயே முடிச்ச?"

நான் சுவரைப் பார்த்தேன். அத்தனை டிக். ஒரு ஃப்ரேம், அதாவது முதல் சிவப்பிலிருந்து கடைசிக் கறுப்பு வரை ஒரு முழு ஆட்டம், போடியில் நான் ஆடியதே இல்லை. நான் மட்டுமில்லை, அந்தக் குடோனில் ஒருத்தனும் ஆடியதில்லை! எனக்கு ஹாரன் கிடையாதுதான். ஆனால் நான் எப்போதும் யாரோ ஓடும்போது பாதியில் வாங்குகிறவன். கொஞ்சம் சிக்கலாகிவிட்டால், அடுத்து வருகிறவன் கையில் கொடுத்துவிட்டு டீ குடிக்கப் போகிறவன். அதையெல்லாம் மேட்ச் என்று டிக் போட்டிருக்கிறேன்.

மறுநாள் கதிரேசனிடம் போய், முழுசாக ஒரு ஃப்ரேம் ஆட வேண்டும் என்றேன். ஸ்டாண்டுக்குப் போய்ப் பேசிவிட்டு வந்தான். தன் முறையைப் பின்னால் நின்றவனுக்கு விட்டுக் கொடுத்துவிட்டான். சீசன் நேரத்தில் குரங்கணி லைனில் முறையை விடுவது சின்ன விஷயமில்லை. "வெரசா அடுக்குடா" என்றான்.

ஆட்டத்தின் நடுவில் ஸ்டாண்டில் எவனோ பழக்கதோஷத்தில் அவன் ஹாரனை அடித்துவிட்டான். இரண்டு குட்டை, ஒரு நெட்டை. கதிரேசன் கியூவை நீட்டியேவிட்டான். வாங்க யாரும் இல்லை. நாங்கள் இரண்டு பேரும் ஒருத்தரை ஒருத்தர் பார்த்துச் சிரித்தோம். கடைசிப் பந்துகள் வந்தபோது முறங்கள் நின்றுவிட்டன. செல்வி அக்காவும் மற்றவர்களும் டேபிளைச் சுற்றி வந்து நின்றார்கள். கடைசியில் நீலம், பிங்க், கறுப்பு மட்டும் மிஞ்சும்போது டேபிள் எவ்வளவு பெரிதாகிவிடுகிறது தெரியுமா? பயிற்சியில் நூறு தடவை தள்ளிய கறுப்பு. குழியின் வாயில் பட்டுத் திரும்பிவிட்டது. அவன் ஜெயித்தான். "அடச்சே, இது இம்புட்டு நீளமாடா!" என்று மூட்டைமேல் சாய்ந்து உட்கார்ந்தான்.

அந்த ஒன்றுதான். அடுத்த நாள் மழை, அதற்கடுத்து லோடு. மறுபடி அவனால் முறையை விட முடியவில்லை.

மதுரையில் ஏசி ஹால். பச்சைத் துணி பளபள என்று இருந்தது. மூன்று ஃப்ரேமில் இரண்டு ஜெயித்தவன் மேலே போகலாம். எதிராளி என் வயசுப் பையன், வெள்ளைச் சட்டை, நல்ல பிள்ளை. முதல் ஃப்ரேமில் என் குச்சி நூல் பிடித்த மாதிரி போயிற்று. அத்தனை காலைப் பயிற்சிக்கும் அன்றைக்குக் கூலி வந்தது. ஜெயித்தேன். இரண்டாவது அவனுக்கு. மூன்றாவதில் கடைசியாக பிங்க்கும் கறுப்பும் மட்டும் டேபிளில். நான் நாலு பாயிண்டு பின்னால். பிங்க் ஆறு, கறுப்பு ஏழு. இரண்டும் போனால் முகாம், ஒரு வருஷம், எல்லாம்.

ஆனால் பிங்க், கறுப்புக்குப் பின்னால் ஒளிந்திருந்தது. நேராக அடிக்க வழியில்லை. டேபிள் விளிம்பில் மோதவிட்டுத்தான் தொட வேண்டும். நான் நின்றேன், குனிந்தேன், நிமிர்ந்தேன். அந்த நேரம் பார்த்து வெளியே ரோட்டில் ஒரு வண்டி. இரண்டு குட்டை, ஒரு நெட்டை.

கை நீண்டுவிட்டது.

"பாத்துக்க மாப்ளே" என்று வாயும் சொல்லிவிட்டது. அந்த நல்ல பிள்ளை, இவன் முடியாது என்று விட்டுக்கொடுக்கிறான்போல என்று நினைத்து, மரியாதையாக வந்து என் இன்னொரு கையைப் பிடித்துக் குலுக்கினான். யாராவது கையைக் குலுக்கினால் நாமும் குலுக்குவோம்தானே? நானும் குலுக்கினேன். ஸ்நூக்கரில் ஆட்டத்தின் நடுவே கை குலுக்கினால் ஃப்ரேமை விட்டுக் கொடுத்ததாக அர்த்தமாம். நடுவர் அறிவித்தேவிட்டார். நான் ஹாரனைப் பற்றி விளக்க ஆரம்பித்தேன். இரண்டாவது வாக்கியத்திலேயே எனக்கே அது பைத்தியக்காரத்தனமாகக் கேட்டது. நிறுத்திக்கொண்டேன்.

பஸ்சில் வரும்போது கதிரேசனுக்குப் போன் செய்தேன். மேலே குரங்கணியில் நின்றுகொண்டிருந்தான். நடந்ததைச் சொன்னேன். அவன் சிரித்த சிரிப்பில் சிக்னல் போய்விட்டது என்று நினைத்தேன். மூச்சு வாங்கி, இருமி, மறுபடி சிரித்தான்.

"ண்ணே? இருக்கியா?"

"நான் அங்கன நின்னுருந்தா வாங்கியிருப்பேன்டா" என்றான். "ஆளு ஏறிருச்சு. வைக்கிறேன்."

இப்போது கோயம்புத்தூர் வேலையில் நான் நன்றாகத்தான் இருக்கிறேன். வாரம் இரண்டு நாள் ஆடுகிறேன். கூத்தைப் பார், இப்போது நான் பயிற்சியே செய்வதில்லை. வெறும் மேட்ச், மேட்ச், மேட்ச். கதிரேசன் உல்டா. தினமும் முதல் டிரிப்புக்கு முன்னால் சிவப்பை வரிசையாக அடுக்கி, தள்ளி, வீடியோ எடுத்து எனக்கு அனுப்புகிறான். முழங்கை இன்னும் சிறகு மாதிரிதான் விரிகிறது. செல்வி அக்கா சொன்ன மாதிரியே எதிரில் ஆள் இல்லை.

குடோனில் இப்போது காய் பிரிக்க மெஷின் வந்துவிட்டது. பின்பாதியும் அதற்கே போயிற்று. செல்வி அக்கா மகளோடு திருப்பூரில். ஸ்டாண்டை வேறு இடத்துக்கு மாற்றிவிட்டார்கள். ஜீப் நிரம்பப் போகிறது என்றால் வாட்ஸ்அப் குரூப்பில் முன்கூட்டியே மெசேஜ் வருகிறது, ஹாரன் இல்லை. ரபீக் டேபிளை மாடிக் கடை ஒன்றுக்கு மாற்றி, புதுத் துணி போட்டு, புக்கிங்குக்கும் ஸ்கோருக்கும் ஆப் வைத்திருக்கிறான். அறுத்த குச்சி எங்கே என்று கேட்டேன். "அது எதுக்குடா இப்ப? சுத்தியும் இடம் கெடக்கு" என்றான்.

பொங்கலுக்குப் போனபோது கதிரேசனோடு அங்கே ஆடினேன். நடுவில் அவனுக்கு மெசேஜ் வந்தது. பார்த்துவிட்டு, "பத்து நிமிசம் இருக்கு" என்று போனைப் பையில் போட்டான். ஓடவில்லை. கடைசியில் கறுப்பு ஒரு மூலையில் மாட்டிக்கொண்டது, என் முறை. வேண்டுமென்றே கியூவை அவனிடம் நீட்டினேன். "பாத்துக்கண்ணே."

கையைக் கட்டிக்கொண்டு சிரித்தான். "நீயே முடிடா. முழுசா ஆடத்தான படிச்ச?"

முடித்தேன். கறுப்பு மெதுவாக உருண்டு போய் உள்ளே விழுந்தது. சுவரில் இருந்த திரையில் என் பேர் பெரிதாக வந்தது, பக்கத்தில் ஒரு கோப்பைப் படம். கதிரேசன் அதை அண்ணாந்து பார்த்துக்கொண்டே சாவியை எடுத்தான். கதவை ஒட்டி நின்று ஆடியது அவன்தான். இந்த ஜெயிப்பை அவனும் 'நாந்தேன்' என்று சொல்லிக்கொள்ளட்டும் என்று, ரபீக்கிடம் சொல்லி அந்தப் பேரை மாற்றலாமா என்று பார்த்தேன். கதவுப் பக்கம் என்று எழுத அந்த ஆப்பில் இடமே இல்லை.