சட்டம் கேட்காத ஞாயிறு

ஆக்லாந்து, 1986. மனுரேவா பேருந்து நிறுத்தத்தில் ஞாயிறு காலை, குளிர்காற்று. பக்கத்தில் நிற்கும் தாதி மன்னார்க்காரர். வெள்ளைச் சீருடையின் பையில் பேனாவோடு செபமாலையும் தொங்குகிறது.

"பூசைக்குப் போகலையாங்க?" என்கிறேன்.

"எங்க போறது! அபோர்ஷன் செய்யிற இடத்தில நிக்கமாட்டன் எண்டு மேட்ரனிட்டச் சொன்னனான். வேலையும் விசாவும் போயிடுமோ எண்டு ஒரே பயம். அவ சிரிச்சுப்போட்டு, 'மறுக்கிறதுக்கு இஞ்ச சட்டமே இருக்கு' எண்டிட்டா. இப்ப அந்த இடத்தில என்ர டியூட்டியை என்னோட வேலை செய்யிற ஒருத்தி பாக்கிறா. அவவின்ர ஞாயிற்றுக்கிழமையை நான் பாக்கிறன்."

"அதுவும் சட்டத்துல இருக்கா?"

"இல்லை. அவவும் பாவம், பிள்ளையளோட நிக்கட்டும் எண்டு நானாக் கேட்டு வாங்கினது."

பேருந்து வருகிறது. படியில் ஏறியவர் திரும்பிச் சிரிக்கிறார்.

"பூசைக்கு வராததைக் கோயில் சுவாமியார்தான் இன்னும் ஒத்துக்கொள்ளேல்லை!"