நான் சொல்லாமல் விட்ட 'போதும்'

பேய், ஆவி என்று யாராவது பேச்செடுத்தால் எழுந்து டீ குடிக்கப் போய்விடுகிற ஆள் நான். தாராவியில் இருபது வருடமாக வண்டி ரிப்பேர் பார்க்கிறேன். அடிபட்டு நசுங்கி வந்த எத்தனையோ வண்டிகளுக்கு அடியில் தனியாகப் படுத்திருக்கிறேன், ஒன்றும் என்னைப் பயமுறுத்தியதில்லை. நீங்கள் நம்பாவிட்டாலும் வருத்தமில்லை, உங்கள் இடத்தில் நானும் நம்பியிருக்க மாட்டேன்.

கடை எனக்கும் என் அண்ணனுக்கும் பொது. எங்கள் பழைய வேனில் பவர் ஸ்டீயரிங் ஆயில் ஒழுகிக்கொண்டே இருந்தது. ஹோஸ் மாற்றினோம், ஒழுகியது. பம்பைக் கழற்றி சீல் மாற்றினோம், அப்போதும் ஒழுகியது. அந்த வேனுக்கு அடியில் படுத்திருந்தபோதுதான் அண்ணனுக்கு மூளையில் ரத்தக்குழாய் வெடித்தது. சயான் ஆஸ்பத்திரியில் ஒரு மாதம் கிடந்தார். கண் திறந்திருக்கும், ஆள் தெரியாது, விரல்கூட அசையாது. இனிச் செய்வதற்கு ஒன்றுமில்லை, நாளைக்கு வீட்டுக்குக் கொண்டுபோங்கள் என்று டாக்டர் சொல்லிவிட்டார். அந்த வேனில்தான் அவரைக் கூட்டிவர வேண்டும் என்று எனக்கு ஒரு வீம்பு. வேறு எதையும் செய்ய வக்கில்லாதவன், இதையாவது செய்கிறேனே என்றுதான்.

அன்று மத்தியானம் நல்ல மழை. ஸ்டீயரிங் பாக்ஸைப் பிரித்து உள்ளே இருந்த சீல் எல்லாம் மாற்றி, புது ஆயில் ஊற்றினேன். அதன்பிறகு குழாய்க்குள் அடைபட்ட காற்றை எடுக்க வேண்டும். அது இரண்டு பேர் வேலை. எஞ்சினை அணைத்து, முன் சக்கரங்களைத் தூக்கி நிறுத்தி, ஒருவர் சீட்டில் உட்கார்ந்து ஸ்டீயரிங்கை இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் திருப்ப, மற்றவர் ஆயில் டப்பாவில் குமிழி வருவது நிற்கிறதா என்று பார்ப்பார். திறந்த பானட் நடுவில் மறைப்பதால் ஒருவரை ஒருவர் பார்க்க முடியாது, குரல்தான். சீட்டில் எப்போதும் அண்ணன்தான். ஒவ்வொரு கோடியிலும் மோதிர விரலால் ஸ்டீயரிங்கில் டக் டக் என்று இரண்டு தட்டு தட்டுவார்.

"ஏல, நீ போதும்னு சொல்லாம நான் கைய எடுக்க மாட்டேம்ல" என்பார். அப்படியே செய்வார், டீ ஆறிப்போனாலும் எழுந்திருக்க மாட்டார்.

அன்று நான் ஒருவனே ஓடி ஓடித் திருப்பிவிட்டு, வந்து பார்த்துக்கொண்டிருந்தேன். நாலாவது தடவையோ ஐந்தாவது தடவையோ, டப்பாவைக் குனிந்து பார்த்துக்கொண்டு நிற்கிறேன், சக்கரம் இடப்பக்கம் திரும்பியது. டக் டக். பிறகு வலப்பக்கம். டக் டக். இத்தனை வருடப் பழக்கம் பாருங்கள், என் வாய் தானாக "மெதுவாண்ணே" என்றது. திரும்பும் வேகம் குறைந்தது. குமிழிகள் வந்து வந்து அடங்கின. அப்புறம்தான் எனக்கு உறைத்தது.

பானட்டைச் சுற்றி எட்டிப் பார்த்தேன். சீட்டில் யாருமில்லை. ஸ்டீயரிங் சுற்றிக்கொண்டிருந்தது. செருப்புகூடப் போடாமல் மழையில் சயானுக்கு ஓடினேன்.

கட்டிலருகே மதினி அழுதுகொண்டே சிரித்தார். "தம்பி, ஒங்க அண்ணன் கைய அசைக்காவ, பாத்தியளா! மத்தியானத்துலருந்து ஓயல!"

பார்த்தேன். நெஞ்சுக்கு மேலே இரண்டு கையும் இடப்பக்கம் போய் நின்றன. மோதிர விரல் இரண்டு தடவை ஆடியது. பிறகு வலப்பக்கம். டாக்டர் வந்து, இது வெறும் நரம்பு இழுப்பு, நினைவு திரும்பியதாக எடுத்துக்கொள்ள வேண்டாம் என்றார். மதினியின் முகத்தை அப்போது என்னால் பார்க்க முடியவில்லை.

மூன்று வருடம் ஆகிவிட்டது. அந்த வேன் இன்றுவரை ஒரு சொட்டு ஒழுகவில்லை. அண்ணன் வீட்டில் படுத்தபடியே இருக்கிறார், தூங்கும் நேரம் தவிரக் கை ஓய்வதில்லை. படுத்தே கிடப்பவரின் உள்ளங்கை மெத்தென்று ஆகியிருக்க வேண்டும் அல்லவா? காய்ப்பு போகவில்லை, போன மாதம் புதிதாக ஒன்று வந்திருக்கிறது.

அன்று பயத்தில் 'போதும்' என்று சொல்லாமல் ஓடிவிட்டேன். அதற்குப் பிறகு அவர் காதோரம் எத்தனையோ தடவை சொல்லிவிட்டேன், அழுதும் சொல்லியிருக்கிறேன். கடையில் அந்த வேனின் பானட்டைத் திறந்து வைத்து, பைத்தியக்காரனைப் போலக் கத்தியும் பார்த்துவிட்டேன். இன்று காலையிலும் "போதும்ணே, கைய எடுங்க" என்று சொல்லிவிட்டுத்தான் வந்தேன். அவர் எடுக்கவில்லை.