வேண்டாமென்று திருப்பிய வசனங்கள்

எங்கள் தமிழ்ச் சபைக்கு இந்த வங்காளத்தில் சொந்தக் கட்டடம் கிடையாது. கரியாஹாட் பக்கத்தில் வங்காளிகளின் ஆலயம் ஒன்று இருக்கிறது. அவர்கள் காலை ஆராதனையை முடித்துக்கொண்டு போன பிறகு கூடத்தை எங்களுக்கு விடுவார்கள். கூடத்துக்குப் பின்னால் ஒரு சின்ன அடுக்களை. முப்பது வருஷமாக என் இடம் அதுதான். நாலு பேர் முன்னால் வாயைத் திறக்க எனக்கு வராது. படிப்பும் ஐந்தாவதோடு நின்றது. ஆகவே டீ போடுகிற வேலையை எனக்குக் கொடுத்து, அதற்கு ஊழியம் என்று பெயரும் வைத்துவிட்டார்கள்.

இன்னொரு வேலையும் உண்டு. புத்தாண்டு ஆராதனையில் எங்கள் சனங்கள் ஆளுக்கொரு வாக்குத்தத்த அட்டை எடுப்பார்கள். விசிட்டிங் கார்டு அளவில் ஒரு வசனம், பின்னால் ஒரு படம். தட்டில் கவிழ்த்து வைத்திருக்கும். கண்ணை மூடி ஜெபித்துவிட்டு ஒன்றை எடுக்க வேண்டும். அந்த வருஷத்துக்குக் கர்த்தர் அவர்களுக்குச் சொல்வது அதுதானாம். தட்டில் அடுக்குவது நான். மிச்ச அட்டைகள் என்னிடம் இருக்கும் என்பது எல்லாருக்கும் தெரியும். அதனால்தான் ஆராதனை முடிந்ததும் அடுக்களை வாசலில் வந்து நிற்பார்கள்.

ஆண்கள் வர மாட்டார்கள். பெண்சாதியை அனுப்புவார்கள்.

"யக்கா, இது அவுகளுக்கு வந்தது. மூஞ்சியத் தூக்கி வச்சிட்டு உக்காந்திருக்காக. நல்லதா வேற ஒண்ணு குடுங்களேன்."

நல்லது என்றால் உயர்த்துவேன், பெருக்குவேன், வாசலைத் திறப்பேன் என்கிற வகை. காத்திரு, பொறுத்திரு, உபத்திரவத்தில் நிலைத்திரு என்கிற வகை யாருக்கும் ஆகாது. கர்த்தருடைய வாயிலிருந்து நேரே வந்தது என்று கண்ணீரோடு எடுத்த அட்டையை, ரவிக்கைத் துணியில் கறை இருக்கிறது என்று கடையில் திருப்புகிற மாதிரி திருப்புவார்கள். நானும் மாற்றிக் கொடுப்பேன். மாட்டேன் என்று சொல்லத் தைரியம் வேண்டுமே. திருப்பியதையெல்லாம் ஒரு பிஸ்கட் டின்னில் போட்டு வைத்தேன். வசனம் அச்சடித்த காகிதத்தைக் குப்பையில் போட மனம் வரவில்லை. வருஷா வருஷம் டின் நிறைந்தது. அதில் முக்கால்வாசிக்கு மேல் ஒரே அட்டை. காத்திரு என்கிற வசனம், பின்னால் கரையில் கட்டிப்போட்ட ஒரு படகு.

போன புத்தாண்டுக்கு ஊரிலிருந்து அட்டைக் கட்டு வரவில்லை. கொண்டுவர வேண்டியவருக்குக் காய்ச்சல், ரயில் டிக்கெட்டை ரத்து செய்துவிட்டார். போதகர் அடுக்களைக்கு வந்தார்.

"பழைய மிச்சம் ஏதாவது கெடக்காம்மா?"

"கெடக்கு ஐயா. ஆனா அதெல்லாம்..."

"அதையே வைங்க. கர்த்தர் பாத்துக்குவார்."

வைத்தேன். உருப்படியான அட்டைகள் பத்துப் பன்னிரண்டு இருந்தன. அவற்றை மட்டும் முந்தானையில் முடிந்து வைத்துக்கொண்டேன், வாசலில் வந்து நிற்கிறவர்களுக்கு வேண்டுமே என்று. தட்டு சுற்றி வந்தது. முகங்கள் ஒவ்வொன்றாகத் தொங்கின. பக்கத்தில் இருப்பவர் அட்டையை எட்டிப் பார்த்தால் அங்கேயும் படகு. போதகர் சமாளித்துவிட்டார். சபை முழுமைக்கும் ஆண்டவர் ஒரே வார்த்தையைக் கொடுத்திருக்கிறார் என்று மைக்கில் சொன்னார். அல்லேலூயா என்றார்கள். சொல்லிவிட்டு அடுக்களைக்கு ஓடி வந்தார்கள்.

முதலில் வந்தவள் இட்லி மாவுக்கடைக்காரரின் மனைவி. திருநெல்வேலிப் பக்கத்துக்காரர்கள். வீட்டுக்காரருக்கு வந்த படகைக் கொடுத்துவிட்டு, பெருகப்பண்ணுவேன் என்பதை வாங்கிப் போனாள். பன்னிரண்டு பேருக்குப் பிறகு என் முந்தானை காலி.

கடைசியாக அவளுடைய மகள் வந்தாள். பன்னிரண்டாவது படிக்கிற பெண். மாற்ற வரவில்லை. இங்கேயே பிறந்தவள், தமிழ் பேசுவாள், படிக்க வராது. என்னைக்கூட வங்காளிகள் பெரியம்மாவைக் கூப்பிடுகிற மாதிரி மாஷிமா என்றுதான் கூப்பிடுவாள்.

"மாஷிமா, இதுல என்ன எழுதிருக்கு?"

"காத்திருக்கணுமாம்."

"எதுக்கு?"

"அது போடல."

சிரித்தாள். அட்டையைத் தன் ஃபோனின் கண்ணாடி உறைக்குள், படகு வெளியே தெரிகிற மாதிரி செருகிக்கொண்டாள். படம் அழகாக இருக்கிறதாம்.

சபையே காத்திருந்த லட்சணத்தையும் சொல்லிவிடுகிறேன். சால்ட் லேக் அதிகாரி ஒருவர் படகை எடுத்த அதே மாதத்தில் புது ஃபிளாட்டுக்குக் குடி போனார். போதகர் வந்து ஜெபித்தார். பெஹாலாவில் எங்கள் தெருவிலேயே ஒரு குடும்பம், படகை எடுத்த நாற்பது நாளில் பையனுக்குக் கல்யாணத்தை முடித்தது. பிரியாணி நன்றாக இருந்தது. யாரும் யாரையும், கர்த்தர் காத்திருக்கச் சொன்னாரே என்று கேட்கவில்லை.

அந்தப் பெண்ணைத்தான் கேட்டார்கள்.

அவளுக்கு ஊர்ப்பக்கம் நர்சிங் கல்லூரியில் இடம் கிடைத்தது. நல்ல மார்க். கடிதம் வந்த வாரம் நான் இட்லி அரிசி வாங்க அவர்கள் கடைக்குப் போயிருந்தேன். அவள் கல்லாப் பக்கம் நின்று ஃபோனில் ஆர்டர் எடுத்துக்கொண்டிருந்தாள். ஃபிளாட்களில் இருக்கும் வங்காளி அம்மாக்கள் மாவு கேட்டுக் கூப்பிட்டுக்கொண்டே இருப்பார்கள். அப்பனுக்கு இருபத்தைந்து வருஷமாகியும் வங்காளம் நாக்கில் ஏறவில்லை. கடை ஓடுவது இந்தப் பெண்ணின் நாக்கில்தான்.

அவள் ஃபோனைக் கீழே வைத்ததும் அவர் அதன் முதுகைத் தட்டிக் காட்டினார்.

"ஏட்டி, இதுல என்ன போட்டிருக்கு? கர்த்தரு ஒனக்குன்னு குடுத்தது. நீயாத்தான எடுத்த? ஒரு வருசம் பொறு. அடுத்த வருசம் பாப்போம்."

"அடுத்த வருஷம் சீட் குடுக்க மாட்டாங்கப்பா."

"விசுவாசம் இருந்தா குடுப்பார்."

என்னைப் பார்த்து, "என்ன சித்தி, சரிதான?" என்று வேறு கேட்டார்.

நான் அரிசிப் பையை வாங்கிக்கொண்டு தலையை ஆட்டினேன். ஆமாம் என்றுதான் ஆட்டினேன். பஸ்ஸில் பெஹாலா வரைக்கும் அந்தத் தலையை என்ன செய்வது என்று தெரியாமல் உட்கார்ந்திருந்தேன்.

எனக்கும் இதே மாதிரி ஒரு வருஷம் சொன்னார்கள். ஐந்தாவது முடித்தபோது தம்பி பிறந்திருந்தான், அம்மாவுக்கு உடம்பு சரியில்லை. ஒரு வருஷம் பொறு, அடுத்த வருஷம் ஆறாவதில் சேர்க்கிறோம் என்றார்கள். பொறுத்தேன். பொறுமைசாலிப் பிள்ளை என்று ஊரே மெச்சியது. அந்த மெச்சுதலை வைத்துக்கொண்டு ஒரு கடுதாசிகூட ஒழுங்காக எழுத முடியவில்லை. இதையே நான் சபையில் தமிழ் தெரிந்த பிள்ளைகள் படித்துப் படித்துத் திருத்தித்தர எழுதுகிறேன்.

ஆகஸ்டில் சுதந்திர தின விடுமுறைக்கு இளம்பெண்களுக்கென்று ஊக்கக் கூட்டம் வைத்தார்கள். சென்னையிலிருந்து ஒரு சகோதரி விமானத்தில் வந்தார். நல்ல பட்டுப்புடவை. தலைப்பு பொறுமை, விசுவாசம், அன்பு. மூன்றுக்கும் மூன்று ரிப்பன். நீலம் பொறுமை, வெள்ளை விசுவாசம், ரோஸ் அன்பு. பதினைந்து பெண்களும் கையில் கட்டிக்கொள்ள வேண்டும். பொறுமையும் அன்பும் ஒரு ரிப்பன் கடையில் கிடைக்கிற சாமானாக இருந்தால் நியூ மார்க்கெட்டில் இன்னும் மலிவாகக் கிடைக்குமே என்று நினைத்துக்கொண்டேன். வெளியே நல்ல மழை. நான் கூடத்துக் கடைசியில் கெட்டிலோடு நின்றேன்.

சகோதரி ஒரு மணி நேரம் சிப்பியைப் பற்றிப் பேசினார். சிப்பிக்குள் மணல் உறுத்துகிறது, சிப்பி புலம்பவில்லை, பொறுக்கிறது, முத்தாகிறது. முத்தை எடுக்கும்போது சிப்பியை என்ன செய்கிறார்கள் என்பதை மட்டும் அவர் சொல்லவில்லை. நான் தூத்துக்குடிக்குப் பக்கத்தில் பிறந்தவள், எனக்குத் தெரியும். முன்வரிசையில் ஒருத்தி அடுத்தவளிடம், "கதோக்கோன் சோல்பே?" என்றாள். இன்னும் எவ்வளவு நேரம் ஓடும் என்று அர்த்தம். சகோதரி அதை ஆமென் மாதிரி ஏதோ என்று நினைத்துச் சிரித்தார்.

பிறகு மாவுக்கடைக்காரரின் பெண்ணை மேடைக்குக் கூப்பிட்டார். அவளுடைய பெற்றோரும் மற்றப் பெண்களின் அம்மாமாரும் வந்திருந்தார்கள்.

"இந்த மகளைப் பாருங்க! கையில கெடச்ச சீட்டை ஆண்டவருக்காக விட்டுக்கொடுத்திருக்கா. ஒரே ஒரு வாக்குத்தத்த வசனத்துக்குக் கீழ்ப்படிஞ்சு! உங்கள்ல எத்தனை பேர் இப்படி இருப்பீங்க? கடைசித் தேதி எப்போம்மா?"

"இன்னும் அஞ்சு நாள்ல."

"அஞ்சு நாள்! அல்லேலூயா! மனசுல சமாதானம் இருக்குதானே?"

அந்தப் பெண் மூன்று ரிப்பனையும் பார்த்தாள். "தெரியல ஆன்ட்டி," என்றாள்.

சகோதரிக்கு அது பதிலாகப் படவில்லை. மைக்கைத் திருப்பி, "வேற யாராவது சாட்சி சொல்றீங்களா?" என்றார்.

எனக்குப் பேச்சு வராது. தூக்கிக்கொண்டு போக வரும். கெட்டிலைக் கீழே வைத்தேன். அடுக்களை அலமாரியிலிருந்து டின்னை எடுத்துக்கொண்டு போய் மேடை மேசையில் வைத்து மூடியைத் திறந்தேன். திறந்த வேகத்தில் டின் சரிந்து அட்டைகள் மேசை முழுக்கப் பரவின. படகு, படகு, படகு.

"என்னம்மா இது?" என்றார் சகோதரி.

"வேண்டாம்னு குடுத்தது."

"சத்தமாச் சொல்லுங்கம்மா."

"எல்லாரும் வேண்டாம்னு திருப்பிக் குடுத்தது. காத்திருன்னு வந்தா யாரும் வச்சுக்கிட மாட்டாக. எங்கிட்ட வந்து மாத்திட்டுப் போவாக. இந்த வருசம் கட்டு வரல. அதான் இதையே தட்டுல வச்சேன். இந்தப் பிள்ளைக்கு வந்தது இதுலேர்ந்துதான். அவ மட்டுந்தான் மாத்தல. அவளுக்குத் தமிழ் படிக்கத் தெரியாது."

ஒரு அம்மாள், "நான் ஒரு நாளும் மாத்துனதில்ல," என்றாள். பின்னாலிருந்து, "நீங்க ரெண்டு தடவ மாத்துனிய, நானும் கூடத்தான வந்தேன்," என்று பதில் வந்தது. பெண்களில் ஒருத்திக்குச் சிரிப்பு அடக்க முடியவில்லை.

மாவுக்கடைக்காரர் எழுந்தார். முகம் சிவந்திருந்தது.

"சித்தி, வயசுக்கு மரியாத வச்சுப் பேசுதேன். யாரு மாத்துனாகளோ அவுகளச் சொல்லுங்க. எங்க வீட்டுல கர்த்தர் குடுத்த வார்த்தைய யாரும் திருப்பிக் குடுக்கல."

பேர் சொல்ல எனக்கு வராது.

அவர் மனைவிதான் உட்கார்ந்தபடியே சொன்னாள். "நாந்தான் போய் மாத்தினேன். நீங்கதான அனுப்பினிய."

"ஏய், இது சபை."

"சபைன்னு தெரியும். ஒங்களுக்குக் கட்டிப்போட்ட படகு வந்துது. ஏவாரம் படுத்துரும்னு பயந்து, ஓடு, அந்தக் கெழவிகிட்ட வேற வாங்கிட்டு வான்னு சொன்னிய. ஒங்களுக்கு வேண்டாத வசனம் எம்மவளுக்கு மட்டும் வேணுமாக்கும்?"

கிழவி என்று சொன்னதற்காக என்னைப் பார்த்து, "தப்பா நெனைக்காதீங்கக்கா," என்றாள். நான் தப்பாக நினைக்கவில்லை. அந்தக் கூடத்தில் அன்றைக்கு நான் கேட்ட ஒரே சாட்சி அது.

சகோதரி மைக்கில் ஜெபத்தைத் தொடங்கிவிட்டார். பெரியவர்களுக்குச் சண்டை வந்தால் இந்த மாதிரிப் பிரசங்கிகளுக்கு ஜெபம் ஒரு கதவு, சாத்திக்கொள்ளலாம். எல்லாரும் கண்ணை மூடினார்கள். நான் மூடவில்லை, அதனால் பார்த்தேன். கடைக்காரரின் மனைவி மேடைக்குப் போய் மகளின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு, மழையில் குடையில்லாமல் வெளியே போனாள். ஆமென் சொல்லிக் கண் திறந்தபோது கடைக்காரர் பக்கத்தில் காலி நாற்காலி இருந்தது. அவர் மேசைக்கு வந்து அட்டைகளைக் குனிந்து பார்த்தார். அதில் தன்னுடையது எது என்று அவருக்குத் தெரிய வழியில்லை. எல்லாம் ஒரே படகுதான். அவரும் வெளியே போனார்.

அன்றைக்கே தட்கல் டிக்கெட்டுக்கு அலைந்தார்களாம். கடைசித் தேதிக்கு முந்தின நாள் அவள் சேர்ந்துவிட்டாள். தகப்பனார்தான் கூட்டிக்கொண்டு போனார். அதை அன்பு என்று சொல்வதா, ஊர் வாய்க்குப் பயம் என்று சொல்வதா, தெரியவில்லை. அவரும் அந்த இரண்டு நாள் ரயிலில் எதையாவது யோசித்திருப்பார் என்று நினைத்துக்கொள்கிறேன். அதற்கு மேல் அவருக்கு என்னால் இடம் கொடுக்க முடியாது.

போதகர் டின்னை எடுத்துக்கொண்டார். அட்டை அடுக்குகிற ஊழியம் இப்போது வேறொருத்தியிடம் இருக்கிறது. டீ மட்டும் என்னிடம்.

இதைப் படிக்கிற பெண்பிள்ளைகளுக்கு ஒன்று சொல்வேன். எனக்கு விசுவாசம் உண்டு. காலையில் முழங்கால் போடாமல் அடுப்பு மூட்ட மாட்டேன். பொறுமையும் பெரிய காரியந்தான். ஆனால் உங்களைப் பொறுக்கச் சொல்கிறவர்கள் தாங்கள் எதைப் பொறுக்கிறார்கள் என்று ஒரு தடவை பாருங்கள். என்னையும் சேர்த்துப் பாருங்கள். அந்த அட்டை எங்கிருந்து வந்தது என்பது எனக்குப் புத்தாண்டு அன்றைக்கே தெரியும். ஆகஸ்ட் வரைக்கும் வாய் திறக்கவில்லை. அமைதியான அம்மா என்று சபையில் என்னைச் சொல்வார்கள். அது பொறுமை இல்லை, கூச்சம். இன்னும் ஐந்து நாள் கூச்சப்பட்டிருந்தால் ஒரு பிள்ளை என்னை மாதிரி அடுக்களையில் வந்து நின்றிருக்கும்.

கிறிஸ்மஸ் லீவுக்கு அவள் வந்தாள். அடுக்களைக்குள் வந்து, ஊசி போடக் கற்றுக்கொண்டதை என் கையைப் பிடித்துக் காட்டினாள். ஏன் மாஷிமா முன்னாடியே சொல்லவில்லை என்று கேட்பாள் என்று பயந்துகொண்டிருந்தேன். அவள் கேட்கவில்லை. கேட்டிருக்கலாம்.