எத்தெல்வினா பிடுங்கிய முளைகள்

எத்தெல்வினா மாட்டுக்குத் தண்ணீர் வைக்கும் முன் தானே ஒரு வாய் குடித்துப் பார்ப்பாள். குனிந்து உள்ளங்கையில் மொண்டு, உறிஞ்சி, சற்று நேரம் நாக்கில் வைத்திருப்பாள். பிறகு விழுங்குவாள், அல்லது துப்புவாள். துப்பிவிட்டால் அந்தத் தண்ணீர் மாட்டுக்குக் கிடையாது. பக்கத்து நிலத்தில் உருளைக்கிழங்கு தோண்டிக்கொண்டே எத்தனையோ வருடங்களாக இதைப் பார்த்திருக்கிறேன்.

பால் எடுக்க வரும் லாரிக்காரர், 'தோன்யா' என்று மரியாதையாகக் கூப்பிட்டாலும், அவளைக் கேலி செய்யாமல் போகமாட்டார். "தோன்யா எத்தெல்வினா, மாட்டுக்கு முன்னாடி குடிக்கிற ஆள இந்த மலையிலயே உன்ன மட்டுந்தான் பாத்திருக்கேன்."

"மாடு வாயத் திறந்து சொல்லாது. நான் சொல்லுவேன்," என்பாள்.

அவள் புருஷன் கொத்து வேலைக்குத் தலைநகர் கீத்தோவுக்குப் போனான். அங்கேயே இன்னொரு குடும்பம் வைத்துக்கொண்டான். ஊரில் யாராவது பரிதாபப்பட வந்தால், "அவன்தான போனான், மாடு இருக்குல்ல," என்று சொல்லிவிட்டுப் புல் அறுக்கப் போய்விடுவாள். அப்போது அவளிடம் மூன்று மாடுகள் இருந்தன. கிழ மாடு மோராவைக் கன்றாக வாங்கித் தோளில் தூக்கிக்கொண்டு வந்தவள் அவள்.

எங்கள் நிலங்கள் சரிவில் துண்டு துண்டாகக் கிடப்பவை. வேலி கிடையாது. மாட்டை அவிழ்த்து மேயவிட மாட்டோம். முளை அடித்து, கயிறு எட்டும் தூரத்துக்குக் கட்டிவைப்போம். மறுநாள் முளையைப் பிடுங்கிக் கொஞ்சம் தள்ளி அடிப்போம். அடுத்தவர் முளையைத் தொடுவது, அவர் வீட்டுக்குள் போய் அடுப்பிலிருந்து பானையை இறக்குவது மாதிரி. அவளுக்கு இன்னொரு பக்கத்து நிலத்துக்காரர் தோன் எலியாசர். அவர் முளை மட்டும் ஒவ்வொரு நாளும் எத்தெல்வினாவின் நிலத்துக்குள் ஊர்ந்து வரும். அவள் வரப்பில் நின்று கத்துவாள். அவரும் கத்துவார். ஆனால் ஒரு நாளும் அந்த முளையில் அவள் கை வைத்ததில்லை.

எங்கள் மலை ஓர் எரிமலை. அதை நாங்கள் தாய் என்போம். அந்த ஆகஸ்டில் தாய் உறுமத் தொடங்கினாள். பிற்பகலில் ராணுவ லாரிகள் வந்தன. ஒரு ராத்திரிதான், காலையில் திரும்பிவிடலாம் என்றார்கள். லாரியில் ஏறும் முன் ஊரே ஓடிப்போய் ஒரு காரியம் செய்தது. அவரவர் முளையின் தலையில் கல்லால் இன்னும் நாலு அடி போட்டார்கள். அவிழ்ந்த மாடு அடுத்தவன் சோளத்தைத் தின்றுவிட்டால் காலையில் யார் பேச்சு வாங்குவது? சரிவு முழுக்க அந்தச் சத்தம் கேட்டது.

காலையில் திரும்ப முடியவில்லை. சாம்பல் கொட்டியது. ஆற்றுப் பாலத்தில் சங்கிலி போட்டுவிட்டார்கள். கீழூர்ப் பள்ளிக்கூடத்தில் எங்களைத் தங்கவைத்தார்கள். தண்ணீர் லாரி வந்தது, சோறும் டின் மீனும் வந்தன. மாட்டைப் பற்றி யாரும் பேச்செடுக்கவில்லை. காற்று திரும்பும்போது மட்டும் மேலேயிருந்து கத்தல் கேட்கும். பெண்கள் முகத்தைத் திருப்பிக்கொள்வார்கள்.

பழைய டயரைப் பாதியாக அறுத்து அதில்தான் மாட்டுக்குத் தண்ணீர் வைப்போம். அதில் சாம்பல் விழுந்தால் தண்ணீர் சிமெண்டுக் குழம்பு மாதிரி ஆகிவிடும். அதைக் குடித்த மாட்டுக்கு வயிறு கல்லாகும். குடிக்காத மாடு நின்ற இடத்திலேயே வற்றும். ஊருக்கு மேலே பாறைக்கு அடியில் ஒரு ஊற்று இருக்கிறது. பலகைக்கல் மூடி போட்டது, சாம்பல் உள்ளே போகாது. ஆனால் முளையில் கட்டிய மாடு எப்படி ஊற்றுக்குப் போகும்?

மூன்றாம் நாள் காலையில் எத்தெல்வினா வரிசையில் நின்று தன் பங்குத் தண்ணீரை வாங்கிக் குடித்தாள். டம்ளரைக் கவிழ்த்து வைத்தாள். நேராகப் பாலத்துக்கு நடந்தாள். நாங்கள் சிலர் பின்னால் போனோம்.

சங்கிலிக்கு அந்தப் பக்கம் ஓர் இளம் லெப்டினன்ட் நின்றிருந்தார்.

"மேல போக அனுமதி இல்ல, தோன்யா."

"நான் அனுமதி கேக்கல, தம்பி. அந்தச் சங்கிலியக் கொஞ்சம் தூக்கிப் பிடி. எனக்குக் குனிஞ்சா முதுகு பிடிக்கும்."

சிப்பாய்கள் சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை. "மலை மறுபடியும் பொங்கினா என்ன பண்ணுவீங்க?"

"ஓடி வந்துருவேன். கட்டிப்போட்ட மாடு எப்படி ஓடும்?"

"இப்ப உயிர்தான் முக்கியம்."

"அதத்தான் நானும் சொல்றேன்."

"உங்களக் கைது பண்ண வேண்டியிருக்கும்."

"பண்ணு. எங்க கொண்டுபோய் வைப்ப? பள்ளிக்கூடத்துலதான? அங்கதான இருக்கேன்."

முதுகைப் பிடித்துக்கொண்டு சங்கிலிக்கு அடியில் குனிந்தாள். அவர் அவள் முழங்கையைப் பிடித்தார். அவள் இழுக்கவும் இல்லை, நிற்கவும் இல்லை. அவர் முகத்தைப் பார்த்து, "கைய எடு," என்றாள், மெதுவாக. எங்கள் பக்கம் ஒருமுறை பார்த்துவிட்டு அவர் கையை எடுத்தார்.

"மத்தியானத்துக்கு முன்னாடி இறங்கிடணும். சைரன் கேட்டா எல்லாத்தையும் அப்படியே போட்டுட்டு வரணும்."

"சைரன் கேட்டா உனக்கு முன்னாடி நான் ஆத்தத் தாண்டியிருப்பேன்."

நாங்களும் ஒவ்வொருவராகக் குனிந்தோம்.

மேலே எல்லாம் ஒரே சாம்பல் நிறம். மாடுகள் முளையைச் சுற்றிச் சுற்றி வந்து, கயிறு சுருண்டு, கழுத்து முளையில் ஒட்டிக்கொண்டு நின்றன. எத்தெல்வினாவின் இரண்டு மாடுகள் நின்றுகொண்டிருந்தன. மோரா படுத்திருந்தது. டயரில் இருந்த குழம்பைக் குடித்திருக்கிறது, வாயெல்லாம் சாம்பல். நாலு பேர் சேர்ந்து தூக்கியும் அது எழவில்லை. எத்தெல்வினா ஊற்றுக்குப் போய்த் தண்ணீர் கொண்டுவந்து அதன் நாக்கை நனைத்தாள். கொஞ்ச நேரம் அதன் காதைத் துடைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். பிறகு எழுந்து பக்கத்து நிலத்துக்குள் இறங்கினாள்.

அங்கே நின்றது எலியாசரின் மாடு. முளைக்கு முன்னால் எல்லோரும் நின்றுவிட்டோம்.

"அதத் தொடாத, கோமாத்ரே," என்றாள் புளோரிண்டா. எத்தெல்வினாவின் மகளுக்கு ஞானத்தாய் அவள்; அந்த உறவுமுறைக்குத்தான் கோமாத்ரே என்போம். "அப்புறம் அந்த ஆளு வாய யாரு அடைக்கிறது?"

"அவன் வாய அடைக்க வேணாம். இவ வாய நனைச்சாப் போதும்."

இரண்டு கையாலும் முளையை ஆட்டி ஆட்டிப் பிடுங்கினாள். சாம்பலில் வீசினாள். அதன் பிறகு யாரும் யாரையும் கேட்கவில்லை. யாருடையது என்று பார்க்காமல் எல்லா முளைகளையும் பிடுங்கினோம். மாடுகளை ஒன்றாக ஊற்றுக்கு ஓட்டினோம். டயர்களைக் கழுவி, மேலே கம்பு நட்டுப் பிளாஸ்டிக் விரித்து, ஊற்றின் மூடியைக் கை நுழையும் அளவுக்கு மட்டும் நகர்த்தி மொண்டு ஊற்றினோம். தாகத்தில் மாடுகள் முட்டித் தள்ளின. "ஒரே மூச்சுல விடாதீங்கடி, விழுந்துரும்," என்று எத்தெல்வினா ஒவ்வொன்றின் தலையையும் இழுத்துப் பிடித்து, கொஞ்சம் கொஞ்சமாகக் குடிக்கவிட்டாள்.

பள்ளிக்கூட வாசலில் எலியாசர் காத்துக்கொண்டிருந்தார். அதற்குள் செய்தி இறங்கிவிட்டது.

"என் முளையத் தொட உனக்கு யாரு உரிமை குடுத்தா?"

"உன் மாடு."

"எல்லா மாட்டையும் கலந்து விட்டுட்டு வந்திருக்கியே, யார் சோளத்த மேயுதுன்னு யாருக்குத் தெரியும்?"

"சோளம் சாம்பலுக்கு அடியில கெடக்கு. சந்தேகமா இருந்தா மேல வா. வரும்போது ரெண்டு வாளி எடுத்துட்டு வா, வெறுங்கையோட வராத."

மறுநாள் அவர் வரவில்லை. அவர் மனைவி வந்தாள், இரண்டு வாளியோடும் வீட்டுக் கூரைப் பிளாஸ்டிக்கோடும். பிறகு தினமும் காலையில் போனோம். நாங்கள் பாலத்துக்கு வரும் நேரம் லெப்டினன்ட் காப்பியை எடுத்துக்கொண்டு ஆற்றுப் பக்கம் திரும்பி நிற்பார். மறுநாள் போனபோதே மோரா செத்துப்போயிருந்தது. புளோரிண்டாவின் கன்று ஒன்றும் பிழைக்கவில்லை. மற்றவை பிழைத்தன.

மழை வந்து சாம்பலைக் கரைத்து, நாங்கள் வீடு திரும்பிய பிறகு ஊர்க்கூட்டம் கூடியது. எத்தெல்வினா கூட்டத்தில் பேசுகிறவள் இல்லை. அன்று எழுந்து நின்றாள். "இனிமே தாய் உறுமினா முதல்ல மாட்ட அவுத்து ஊத்துக்கு ஓட்டுவோம். அப்புறந்தான் நான் லாரியில ஏறுவேன். ஏறச் சொல்றவங்க என்னத் தூக்கித்தான் ஏத்தணும்." எலியாசர் எழுந்து வெளியே போனார். மற்றவர்கள் கை தூக்கினார்கள்.

தாய் இப்போது அமைதியாக இருக்கிறாள். ஊற்றுக்குப் பக்கத்தில் ஊரே கூடி வேலை செய்து ஒரு பட்டியும், மூடி போட்ட சிமெண்டுத் தொட்டியும் கட்டியிருக்கிறோம். ராணுவத்துக்கு எங்கள் முடிவு பிடிக்கவில்லை, நாங்கள் மாற்றவும் இல்லை. எத்தெல்வினாவிடம் இரண்டு மாடுகள் இருக்கின்றன. எலியாசர் இன்னும் அவளோடு பேசுவதில்லை. அவர் மாடுகளும் அந்தத் தொட்டியில்தான் குடிக்கின்றன.